ஏடு 107இன் பின்பக்கம்: கலிலியோ முடுக்கத்தை அளந்தாரா?

ஓய்விலிருந்து புறப்பட்டுச் சீரான முடுக்கத்தோடு நேர்க்கோட்டில் செல்லும் பொருள் கடக்கும் தொலைவு, காலத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். கலிலியோ இதை அளந்து கண்டாரா, சிந்தித்தே கண்டாரா என்ற வழக்கில் அறிவியல் வரலாற்றாசிரியர் அலெக்சாந்தர் கொய்ரேயின் தீர்ப்பு நெடுங்காலம் செல்லுபடியானது. கலிலியோவின் அறிவியல் பிளேட்டோ வழிவந்த கணிதச் சிந்தனையின் விளைவு என்பது அவர் 1939இல் முன்வைத்த வாதம். 1953இல் எழுதிய கட்டுரையில், கலிலியோவின் சாய்தளச் சோதனையும் அதில் காலத்தை அளந்த நீர்க்கடிகாரமும் பிழைகளின் குவியல் என்றும், அவற்றின் முடிவுகள் மதிப்பற்றவை என்றும் தள்ளினார்.

இந்தத் தீர்ப்பில், சோதனை மதிப்பற்றது என்ற பாதி விழுந்துவிட்டது. 1961இல் தாமஸ் செட்டில் அதே சோதனையை எளிய கருவிகளோடு மீண்டும் நடத்தி, வேண்டிய துல்லியம் கைகூடும் என்று காட்டினார். ஆனால் செய்ய முடியும் என்பதாலேயே செய்யப்பட்டது என்று ஆகிவிடாது. அதற்குச் சான்று வேண்டும்.

புளோரன்ஸ் தேசிய நூலகத்தின் 72ஆம் கலிலியோ கையெழுத்துத் தொகுதியில், 107ஆம் ஏட்டின் பின்பக்கத்தில் எட்டு எண்கள் உள்ளன: 33, 130, 298, 526, 824, 1192, 1620, 2104. அருகே 1 முதல் 8 வரை வரிசை எண்கள். ஓரத்தில் 1, 4, 9 எனத் தொடங்கி 64 வரை வர்க்க எண்கள். ஸ்டில்மேன் டிரேக் 1975இல் இவற்றை வெளியிட்டார். சாய்தளத்தில் சம கால இடைவெளிகளில் உருண்டை கடந்த தொலைவுகள் இவை என்றும், இடைவெளிகள் பாட்டின் தாளத்தால் பிரிக்கப்பட்டவை என்றும், வர்க்க எண்கள் பிறகு சேர்க்கப்பட்டவை என்றும் கொண்டார். அவர் கணிப்பில் ஓர் அலகு ஏறத்தாழ 0.94 மில்லிமீட்டர், கடைசித் தொலைவு இரண்டு மீட்டரை ஒட்டி வரும்.

எண்களை வர்க்கங்களால் வகுத்துப் பார்க்கலாம். 33, 32.5, 33.11, 32.88, 32.96, 33.11, 33.06, 32.88. விதியை முன்னால் வைத்துக்கொண்டு கணக்கிட்டவர் இரண்டாம் இடத்தில் 132 என்றே எழுதியிருப்பார்; ஏட்டில் இருப்பது 130. ஓர் இடறலும் உண்டு: 2104 என்பது 526இன் சரியாக நான்கு மடங்கு. கடைசி எண் கணக்கில் பிறந்ததோ என்ற ஐயம் எழவே செய்யும். அப்படியானால் 526உம் 130இன் நான்கு மடங்காக, 520ஆக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. எனவே அந்தப் பொருத்தத்தைத் தற்செயல் என்றே கொள்கிறேன். வேறு விளக்கத்துக்கு இடமில்லை என்று சொல்லமாட்டேன்.

இவ்வெண்களைத் தொங்கும் சங்கிலியின் வளைவோடு இணைப்பவர்களும் உண்டு. அவர்கள் வாசிப்பில் வரிசை எண்கள் காலத்தைக் குறிக்கவில்லை, கிடைத்தொலைவைக் குறிக்கின்றன. சங்கிலி வளைவு பரவளையத்தைவிட வேகமாக உயரும். ஆகவே மேற்கண்ட விகிதங்கள் படிப்படியாக ஏறியிருக்க வேண்டும். இங்கே அவை ஏறியும் இறங்கியும் அலைகின்றன. இதுவே என் முதன்மையான மறுப்பு. ஆயினும் ஆழமற்ற தொங்கலில் அந்த ஏற்றம் மிகச் சிறியது. அளவீட்டுப் பிழையில் அது மறைந்துபோகக்கூடும். அதனால் அந்த வாசிப்பை முற்றாகத் தள்ளவும் இயலவில்லை.

காலக் கணிப்பும் தீரவில்லை. டிரேக் இந்த ஏட்டை 1604இல் வைத்தார். அவ்வாண்டு அக்டோபர் 16இல் பாவ்லோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில் கலிலியோ வர்க்க விதியைச் சரியாகச் சொல்கிறார். ஆனால் வேகம் கடந்த தொலைவுக்கேற்ப வளர்கிறது என்ற தவறான அடிப்படையிலிருந்து அதைப் பெற முயல்கிறார். வேகம் காலத்துக்கேற்ப வளர்கிறது என்ற வரையறை அச்சில் வந்தது 1638இல், லெய்டனில் வெளியான நூலில்தான். தூய சிந்தனை மட்டுமே வழிகாட்டியிருந்தால், பிழையான அடிப்படையிலிருந்து சரியான விதி எப்படி வந்தது? கொய்ரே இக்கடிதத்தை நுணுக்கமாக ஆராய்ந்தவர். விதி முன்பே கையில் இருக்க, அதற்கான காரணத்தையே கலிலியோ தேடினார் என்பதையும் கண்டவர். விதி எங்கிருந்து கையில் வந்தது என்ற கேள்விக்கு 107ஆம் ஏடு ஒரு விடையாகலாம். கடிதத்துக்கு முந்தியது என்றால் கண்டுபிடிப்பின் பதிவாக, பிந்தியது என்றால் சரிபார்ப்பின் பதிவாக. இவ்விரண்டில் எது என்பதை ஏட்டின் மையையும் தாளின் நீர்க்குறியையும் கொண்டு முடிவுசெய்ய முயலலாம்; வர்க்க எண்கள் பிறகு சேர்ந்தவை என்ற டிரேக்கின் கூற்றை வைத்து நான் முந்தியது என்ற பக்கமே சாய்கிறேன்.