பிரேக் ஆயில்

காரின் பிரேக் மிதி தரும் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் திரவம். பேச்சுவழக்கில் ஆயில் என்றாலும், பரவலாகப் புழங்கும் டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் ஈதர் கலவைகள்; எஞ்சின் ஆயிலோ வேறு எண்ணெயோ துளி கலந்தாலும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெடும்.

இது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது; 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 பாகை. தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் தொப்பூர் கணவாய் இறக்கம் விபத்துகளுக்குப் பேர்போனது. அங்கே கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்து இறங்கினால் சூடேறிய பழைய திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகும். குமிழ் அமுங்குமே தவிர அழுத்தத்தைக் கடத்தாது. மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. (காற்றழுத்த பிரேக் கொண்ட கனரக லாரிகளின் கதை வேறு.)

அளவு பார்க்க வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பானட்டுக்குள் மாஸ்டர் சிலிண்டர் மேலுள்ள டப்பாவில் மின், மேக்ஸ் கோடுகளுக்கு இடையே திரவம் இருந்தால் சரி. மூடியைத் துடைத்தபின் திறந்து, அதில் குறித்த வகையையே, சீல் உடைக்காத டப்பாவிலிருந்து, மேக்ஸ் தாண்டாமல் ஊற்றலாம். சிந்தினால் பெயின்ட் உரியும். உடனே நீரால் கழுவ வேண்டும்.

பிரேக் பேட் தேயத் தேய மட்டம் மெல்ல இறங்குவது இயல்பு. திடீரென இறங்கினால் கசிவு. ஊற்றிச் சமாளிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுக.