லம்பா லைன் ஓடுபாதை

1858ஆம் ஆண்டு தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்ட நாள் முதல் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தமானுக்குக் கடல்வழி ஒன்றே வழியாக இருந்தது. கைதியாயினும் ஆணையராயினும் கல்கத்தாவிலோ சென்னையிலோ கப்பலேறி, நாட்கணக்கில் அலைபட்டுத்தான் போர்ட் பிளேர் துறையில் இறங்க முடிந்தது. அந்த நிலையை மாற்றியது வணிகமோ நிருவாக வசதியோ அன்று, போர். 1942 மார்ச் 23 அன்று தீவுகளைக் கைப்பற்றிய ஜப்பானியர், முதலில் துறைமுக நீரிலேயே இறங்கி ஏறும் கடல் விமானங்களைக் கொண்டு வங்கக் கடலைக் கண்காணித்தனர்; சக்கரமுள்ள விமானங்களுக்குச் சமதளம் வேண்டியிருந்ததால், போர்ட் பிளேரில் லம்பா லைன் என வழங்கும் பகுதியில் ஓடுபாதை வேலையை முடுக்கிவிட்டனர்.

குன்றும் பள்ளமுமான தீவில் சமதளம் என்பது வெட்டி நிரவி உண்டாக்க வேண்டிய ஒன்று. அந்த மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் வயிற்றுக்குப் போதிய உணவின்றிக் கட்டாய உழைப்புக்கு இழுத்துவரப்பட்ட உள்ளூர்க் குடிகள். இந்தத் துயரத்தின் நடுவேதான் 1943 டிசம்பர் 29 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேரில் வந்திறங்கினார். மறுநாள் அவர் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடியேற்றியபோது, இந்திய விடுதலைக் கழகத்தின் உள்ளூர்த் தலைவராயிருந்த மருத்துவர் திவான் சிங், ஒற்றர் என்ற குற்றச்சாட்டில் செல்லுலார் சிறையில் வதைபட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே அவர் உயிரிழந்தார். தீவின் துயரம் நேதாஜியின் கண்ணில் படாதவாறு ஜப்பானியர் பார்த்துக்கொண்டனர் என்றே வரலாற்றாசிரியர் பலரும் கருதுகின்றனர்.

விடுதலைக்குப் பின் இந்தியன் ஏர்லைன்ஸின் வைக்கவுண்ட் விமானங்கள், அதாவது விசைச்சுழலியால் விசிறியைச் சுழற்றும் வகையின, கல்கத்தாவிலிருந்து ரங்கூனில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு இந்த ஓடுபாதைக்கு வந்தன. இந்திய மண்ணின் ஒரு பகுதிக்குப் போக அயல்நாட்டில் இறங்க நேர்ந்தது விந்தையாகத் தோன்றலாம். நிலப்படத்தை நோக்கினால் தீவுக்கூட்டத்தின் வடமுனை பர்மாவுக்கு எத்துணை அண்மையில் உள்ளது என்பது விளங்கும். பின்னர் வந்த ஜெட் விமானங்கள் அந்தச் சுற்றுவழியைத் தேவையற்றதாக்கின. சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் பிடிக்கும் தொலைவு இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கியது.

1985இல் கடற்படை இங்கு ஐ.என்.எஸ். உத்குரோஷ் என்னும் விமானத் தளத்தை நிறுவியது. ஓடுபாதையும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடும் கடற்படையிடம் இருக்க, பயணியர் பகுதியை இந்திய விமான நிலைய ஆணையம் நடத்துகிறது. படைத்தளத்துள் அமைந்த இத்தகைய பயணியர் பகுதியைக் குடிசார் விமான வளாகம் என்பர். 2004 டிசம்பர் 26இன் நிலநடுக்கத்தில் ஓடுபாதை விரிசல் கண்டபோதும், நிவாரண விமானங்கள் எஞ்சிய நீளத்தைக் கொண்டே வந்திறங்கின.

2002இல் இந்த விமான நிலையத்துக்கு வீர சாவர்க்கர் பெயர் சூட்டப்பட்டது. 1911இல் கப்பலில் கொண்டுவரப்பட்டு, செல்லுலார் சிறையில் பத்தாண்டு அடைபட்டிருந்தவர் அவர். சிறைக்கொட்டடியின் நினைவு நுழைவாயிலில் இடம்பெற்ற அளவுக்கு, ஓடுபாதையில் மண் சுமந்தோரின் நினைவு இடம்பெறவில்லை.

2023 ஜூலை 18 அன்று, ஏறத்தாழ 710 கோடி ரூபாய் செலவில், சிப்பி வடிவக் கூரையுடன், ஆண்டுக்கு 50 லட்சம் பயணியரைக் கையாளும் முனையம் திறக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் நகரின் பெயரே ஸ்ரீ விஜயபுரம் என மாறியது. ஆயினும் ஓடுபாதை ஒன்றே. மழைக்காலத்தில் முகில் கவிந்து இறங்க இயலாவிடில் அருகில் ஒதுங்க வேறு பெரிய பயணியர் நிலையம் இல்லாததால், திரும்பிச் செல்வதற்கான எரிபொருளையும் சுமந்தே விமானங்கள் வருகின்றன. சில நாட்களில் தீவின் மேல் வட்டமிட்டுவிட்டுச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ பயணியரோடு திரும்பியும் விடுகின்றன.