ரப்பர் கொடுத்து அரிசி வாங்கிய கதை



“வேண்டியதையெல்லாம் நம்ம நாட்டிலேயே விளைவிச்சுக்கலாமே, வெளிநாட்டு வியாபாரம் எதுக்கு?” என்று கிராமக் கூட்டங்களில் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். அதற்கு, பக்கத்து நாடான இலங்கையிலே 1952-ல் நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன்.

அப்போது அந்த நாட்டுக்குச் சிலோன் என்று பெயர். சனங்கள் சாப்பிடுவது சோறு. அந்த அரிசியில் பெரும்பங்கு கப்பலில் வர வேண்டும். மேற்குப் பக்கத்து மழைச் சரிவுகளிலோ ரப்பர் மரங்கள். ரப்பர் நட்டால் ஆறேழு வருஷம் கழித்துத்தான் பால்வெட்டு. அரிசி விலை ஏறிப்போச்சு என்று மரத்தை வெட்டிவிட்டு நெல் போட முடியுமா? அந்தச் சரிவில் தண்ணீர் நிற்குமா?

1950-ல் கொரியா யுத்தம் மூண்டதும் ரப்பர் விலை எகிறியது. கொஞ்ச நாளில் சரிந்துவிட்டது. அரிசி விலை மட்டும் இறங்கவில்லை. விற்கிற சரக்கு மலிவு, வாங்குகிற சரக்கு கிராக்கி. சம்சாரி வீட்டுக் கஷ்டம் மாதிரியேதான்!

அந்தப் பக்கம் சீனாவைப் பாருங்கள். அங்கே அரிசி உண்டு. லாரி டயருக்கு ரப்பர் வேண்டும். ஆனால் ரப்பருக்கு ஏற்ற வெப்பம் தெற்குக் கோடியில் சில இடங்களில்தான். யுத்தத்துக்கு உதவும் பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பக் கூடாதென்று 1951-ல் ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் போட்டிருந்தது. சிலோன் அந்தச் சபையில் சேர்ந்ததே 1955-ல்தான்.

அமெரிக்காவோடும் பேசிப் பார்த்தார்கள்; விலை ஒத்துவரவில்லை. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க சீனாவோடு பேசினார். 1952 டிசம்பரில் ஐந்து வருஷ ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வருஷத்துக்கு 50,000 டன் ஷீட்டு ரப்பர் போகும். 2,70,000 டன் அரிசி வரும். ரப்பருக்குச் சிங்கப்பூர் சந்தையைவிடக் கூடுதல் விலை வேறு!

இதிலே வேடிக்கை என்னவென்றால், டட்லி சேனநாயக்க அரசாங்கத்துக்குக் கம்யூனிஸ்டுகளைக் கண்டாலே ஆகாது. இரண்டு நாட்டுக்கும் தூதர் உறவுகூட 1957-ல்தான் ஏற்பட்டது. சிநேகத்துக்காகச் செய்த வியாபாரமில்லை இது. அவனிடம் இருப்பது இவனிடம் இல்லை, அவ்வளவுதான். சும்மாவும் கிடைக்கவில்லை. அமெரிக்கா தன் உதவியை நிறுத்திக்கொண்டது.

ஒன்று சொல்ல வேண்டும். துறைமுகத்தில் அரிசி இறங்கினால் வீட்டில் உலை கொதித்துவிடும் என்று எண்ணாதீர்கள். அரசாங்கம் மானியத்தைக் குறைத்து, 25 சதத்துக்கு விற்ற பங்கீட்டு அரிசியை 70 சதமாக்கியது. 1953 ஆகஸ்டில் நாடு கொந்தளித்தது. டட்லி பதவி விலகினார். இதற்கு வியாபாரத்தைக் குறை சொல்வது சரியல்ல என்பது என் எண்ணம்.

பிறகு மற்றவர்களும் சீனாவுக்கு ரப்பர் விற்க முன்வந்தார்கள். 1957-ல் ஒப்பந்தம் புதுப்பித்தபோது அந்தக் கூடுதல் விலை போய்விட்டது. வேறு கடை திறந்தால் யார்தான் அதிக விலை கொடுப்பார்கள்? ஆனாலும் இரண்டு பக்கமும் ஒப்பந்தத்தை விடவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே 1982 வரைக்கும் ரப்பரும் அரிசியும் கப்பலேறின.