இருளைப் படம் பிடித்தவர்

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், 1866ஆம் ஆண்டளவில், ஒளிப்பட நிலையம் ஒன்றின் மொட்டைமாடியில் ஒன்பது வயது நிரம்பாத சிறுவன் ஒருவன் வேலைக்கு அமர்ந்தான். படங்களைப் பெரிதாக்கும் பெருங்கருவி ஒன்று அங்கே இருந்தது. 'ஜூப்பிட்டர்' என்பது அதன் பெயர். மின்விளக்கு வராத காலமாதலால் படத்தைப் பெரிதாக்கச் சூரிய ஒளியே துணை. சூரியனோ ஓரிடத்தில் நில்லாது. சக்கரங்களைக் கையால் மெல்லத் திருப்பி, கருவி சூரியனை விட்டு விலகாதபடி காப்பதே அவன் கடமை. அவனுக்கு முன் வந்த பையன்கள் வேலையிலேயே உறங்கிப் போனார்கள். எட்வர்டு எமர்சன் பர்னார்டு உறங்கவில்லை. பிறக்கும் முன்பே தந்தையை இழந்த அவனுடைய கூலி வீட்டுக்கு வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அவன் கழித்தது ஏறத்தாழ இரண்டே மாதம்.

பகலில் சூரியனைத் தொடர்ந்த அந்தக் கை, இருபதாண்டுகளுக்குப் பின் இரவில் விண்மீன்களைத் தொடர்ந்தது. வால்மீன்களைக் கண்டுபிடித்துப் பெயர் பெற்ற பர்னார்டு, 1888இல் கலிபோர்னியாவின் ஹாமில்டன் மலைமேல் அமைந்த லிக் வானாய்வகத்தில் பணியேற்றார். அங்கிருந்த 36 அங்குலத் தொலைநோக்கி அந்நாளில் உலகிலேயே பெரியது. அதில் பணிபுரிய அவருக்கு 1892 வரை முறையான இரவு வாய்க்கவில்லை. அவர் கைக்குக் கிட்டியது வேறொன்று: மனிதர்களின் முகத்தைப் படம் எடுப்பதற்கென்று செய்யப்பட்டு, சான்பிரான்சிஸ்கோ ஒளிப்படக்காரர் ஒருவரிடமிருந்து பழைய பொருளாக வாங்கப்பட்ட வில்லார்டு லென்ஸ். விட்டம் 6 அங்குலம். குவியத் தூரம் 31 அங்குலம், அதாவது இன்றைய காமிராக் கணக்கில் 800 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

முகம் எடுக்கும் லென்ஸால் வானத்தை எடுக்கலாம் என்பது முற்றிலும் புதிய எண்ணம் அன்று. 1882இல் தென்னாப்பிரிக்காவின் கேப் வானாய்வகத்தில் டேவிட் கில் என்பார், உள்ளூர் ஒளிப்படக்காரர் ஒருவரின் காமிராவைத் தொலைநோக்கியின் முதுகில் கட்டி அவ்வாண்டின் பெரிய வால்மீனைப் படம் எடுத்தார். வால்மீனோடு எண்ணற்ற விண்மீன்களும் தட்டில் பதிந்திருந்தன. அந்தப் படமே தென்வானின் 4,54,875 விண்மீன்களைப் பட்டியலிடும் பெரும்பணிக்கு வித்தாயிற்று. ஆனால் கில் தேடியது விண்மீன்களை. பர்னார்டின் தட்டில் விழுந்தது அவற்றுக்கு இடையிலிருந்த இருள்.

இதில் ஒரு விந்தை உண்டு. பெரிய தொலைநோக்கிக்குப் புலப்படாததைச் சிறிய காமிரா எவ்வாறு கண்டது? பால்வீதி புள்ளியன்று, பரப்பு. பரப்பின் ஒளியைத் தட்டில் பதிப்பது லென்ஸின் விட்டம் மட்டும் அன்று, விட்டத்துக்கும் குவியத் தூரத்துக்கும் உள்ள விகிதம். பெருந்தொலைநோக்கியின் குவியத் தூரம் ஐம்பது அடியைத் தாண்டும். அது வானின் ஊசிமுனையளவு இடத்தை எடுத்துப் பெரிதாக்கி, ஒளியையும் நீர்க்கச் செய்துவிடும். முகம் எடுக்கும் லென்ஸோ அகன்ற வெளியை ஒரே தட்டில் அடக்கி, ஒளியைத் திரட்டித் தரும். இன்று டெலிபோட்டோ லென்ஸை வானுக்குத் திருப்பும் ஆர்வலர்கள் பயன்கொள்வதும் இதே உண்மையைத்தான். ஈரத்தட்டு சில நிமிடங்களில் காய்ந்து பயனற்றுப் போகும். ஜெலட்டின் பூசிய உலர்தட்டு வந்த பிறகே மணிக்கணக்காக ஒளியை உண்ண வைக்க முடிந்தது.

1889 ஆகஸ்டில் பர்னார்டு தனுசு மண்டலத்துப் பால்வீதியை நோக்கி அந்த லென்ஸை மூன்று மணி நேரத்துக்கும் மேலாகத் திறந்து வைத்தார். அத்தனை நேரமும் உடன் பிணைத்த தொலைநோக்கியில் கண்ணைப் பதித்து, குறுக்கிழையினின்று ஒரு விண்மீன் நழுவாமல் கையால் திருத்திக்கொண்டேயிருக்க வேண்டும். தட்டைக் கழுவியபோது முகில்போல் குவிந்த விண்மீன் திரள்களும், அவற்றினூடே கரிய துளைகளும் ஓடைகளும் தெரிந்தன. 1892 அக்டோபரில் இதே லென்ஸின் தட்டில் ஒரு வால்மீனும் அகப்பட்டது. ஒளிப்படத்தால் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வால்மீன் அது. பின்னர்த் தொலைந்து, 2008இல் மீண்டும் காணப்பட்டது.

அக்கரிய இடங்கள் யாவை? வில்லியம் ஹெர்ஷல் காலந்தொட்டு அவை வானத்தின் ஓட்டைகள், விண்மீன் இல்லா வெற்றிடங்கள் என்றே பலர் கருதினர். பர்னார்டும் அவ்வாறே நம்பினார். அவருடைய படங்களை இங்கிலாந்தில் வெளியிட்ட ரான்யார்டு, இவை ஒளியை மறைக்கும் பொருளாயிருக்கலாம் என்று 1894இலேயே எழுதினார். படம் எடுத்தவரோ இசையவில்லை. இருள் ஒளியின் இன்மையா, தானே ஒரு பொருளா என்று நம் தருக்க நூலாரும் மீமாஞ்சகரும் நெடுங்காலம் வாதிட்டதுண்டு. பர்னார்டுக்கு அவ்வழக்கு ஏறத்தாழ இருபதாண்டு தம் நெஞ்சுக்குள்ளேயே நடந்தது. தம் கண்ணை நம்பியவர் தம் தட்டை நம்பத் தயங்கினார் என்பது வியப்புத்தான். அத்தயக்கத்தைக் குறை என்று சொல்ல மனம் வரவில்லை.

1913ஆம் ஆண்டுக் கோடையில், யெர்க்கிஸ் வானாய்வகத்தில், நிலவற்ற தெளிந்த இரவொன்றில் அவர் தென்திசைப் பால்வீதியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது நம் பூமியின் சிறு முகில்கள் சில தனுசு மண்டலத்தின் குறுக்கே வந்தன. ஒளிமிகுந்த பின்புலத்தில் அவை மைத்துளிகள்போல் கரியனவாகத் தோன்றின. அந்நேரம் தம் தட்டில் பதிந்துகொண்டிருந்த கரும்புள்ளிகளும் அவையும் ஒரே சாயலாயிருந்தது அவரை உலுக்கிற்று. 1919இல் 182 கரும்பகுதிகளின் பட்டியலை வெளியிட்டார். அப்போதும் எல்லாமே மறைக்கும் பொருள் என்று அறுதியிடவில்லை. விண்வெளித் தூசு ஒளியை விழுங்குகிறது என்பதை டிரம்ப்ளர் 1930இல் நிறுவினார். பர்னார்டின் பட்டியலில் 68ஆம் எண் பெற்ற கரும்புள்ளியை அகச்சிவப்பு ஒளியால் ஊடுருவி, அதன் பின்னால் மறைந்திருந்த விண்மீன்களைக் கொண்டே அதன் அடர்த்தியை அளந்தனர், அது 2001இல்.

பர்னார்டு அதையெல்லாம் காண இருக்கவில்லை. தம் படங்களிலிருந்து தெரிந்தெடுத்த பால்வீதித் தொகுப்பு ஒன்றை உருவாக்குவதில் அவருடைய கடைசி ஆண்டுகள் கழிந்தன. அச்சுமுறை எதுவும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. 700 படிகளுக்கும் வேண்டிய படங்கள் அனைத்தும் அசல் ஒளிப்படப் பிரதிகளாகவே இருக்க வேண்டும் என்றார். அவ்வாறே 35,700 பிரதிகளையும் ஒன்றொன்றாகத் தம் கண்ணால் பார்த்துத் தேர்ந்தார். உரைப்பகுதி முடிவதற்குள் 1923 பிப்ரவரி 6ஆம் நாள் மறைந்தார். எஞ்சிய பணியை வானாய்வக இயக்குநர் ஃபிராஸ்டும், பர்னார்டின் மனைவிவழி மருமகள் மேரி கால்வெர்ட்டும் முடித்தார்கள். நூல் 1927இல் வெளிவந்தது.