ஊர்வாயை மூட உலைமூடி இல்லை: பதவுரையும் விளக்கமும்

இம்முதுமொழி வீண்பேச்சினது இயல்பு உணர்த்துகின்றது. தமிழ்நாடெங்கும் வழங்குவதேனும், ஈண்டு மேல்மலையனூரை இடனாகக் கொண்டு உரைக்கப்படும்.

ஊர்: ஊரில் உள்ளார், இடவாகுபெயர். 'ஊரார்' என்னாது 'ஊர்' என்றது, சொன்னவர் இன்னார் எனச் சுட்டலாகாமை நோக்கி. யார் சொன்னது என வினவின், 'ஊரே பேசுது' என்பதல்லது பிறிது விடை வாராது. அஃதேல், ஊர் என்றது குடியிருப்பார் அளவிற்றோ எனின், அற்றன்று. அமாவாசை இரவில் அங்காளம்மன் ஊஞ்சல் காணும்பொருட்டு விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி முதலாய இடங்களினின்று வந்து, நள்ளிரவுகாறும் கோயில் வெளியில் அமர்ந்திருப்பாரும் அவ்விரவில் அவ்வூரே ஆவர். செஞ்சியில் முளைத்த பேச்சு திண்டிவனம் சேர்தற்கு அவ்வமர்வு போதும்.

வாயை: ஐ, செயப்படுபொருட்கண் வந்த இரண்டாம் வேற்றுமை உருபு. வாய் பலவாகவும் ஒருமையாற் கூறியது சாதியொருமை. பல வாய் ஒன்றையே பேசும் என்பதூஉம் அவ்வொருமையாற் பெறப்படும்.

இனி, இப்பேச்சு பகைவரிடைப் பிறப்பதோ எனின், அன்று, நெருங்கினாரிடைப் பிறப்பது. இதற்கு ஆங்கிலரின் 'காசிப்' என்னும் சொல் சான்றாம். பண்டை ஆங்கிலத்தில் அதன் வடிவு 'காட்சிப்'. 'காட்' கடவுள், 'சிப்' சுற்றம். ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்றுக் கடவுள்முன் உறவானாரை அது குறித்தது. நம்மூர்க் கத்தோலிக்கர் ஞானத்தாய், ஞானத்தந்தை என்பர். பின்னர் நெருங்கிய நட்பினரையும், பிள்ளைப்பேற்றின்போது உடனிருக்கும் தோழியரையும் குறித்து, அதன்பின் வாயாடிகளைச் சுட்டி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேச்சுக்கே பெயராயிற்று. உறவைக் குறித்த சொல் வம்பைக் குறிப்பதாயிற்று என்க.

வம்பு என்பதன் வழியும் நோக்கத்தக்கது. தொல்காப்பியத்து உரியியல் இதற்கு நிலையின்மைப் பொருள் கூறும். இன்று கேட்டது நாளை நில்லாது மாறுதலின், வீண்பேச்சிற்கு அப்பெயர் பொருந்துவதே. அம்பல், அலர் என்பன அகத்திணைச் சொற்கள்: சிலர் தம்முள் முணுமுணுத்தல் அம்பல், பலரறியப் பரத்தல் அலர். திருவள்ளுவர் 20ஆம் அதிகாரத்துப் பயனில்சொல்லைக் கடிந்தவர், 115ஆம் அதிகாரத்து அலரைக் காதற்குத் துணையாக்கினார். அறத்துப்பாலிற் குற்றமாயது காமத்துப்பாலிற் பயன்படுதல், இடம் நோக்கி உணரற்பாலது.

மூட: மூடுதற்கு, செயவென் எச்சம், காரியப்பொருட்டு.

உலைமூடி: உலைக்கு மூடி, நான்காம் வேற்றுமைத் தொகை. உலை, அரிசியிடுதற்குக் கொதிக்க வைத்த நீர். பூட்டு என்னாது மூடி என்றது ஏனெனின், பூட்டியது பூட்டியபடி கிடக்கும். உலையோ இறுக மூடுந்தோறும் பொங்கி அடுப்பில் வழியும். மறுத்து உரைக்க உரைக்கப் பேச்சு மிகுதல் இதனாற் பெறப்படும்.

இல்லை: குறிப்பு வினைமுற்று. முக்காலத்தும் இன்மை உணர்த்திற்று. இறைவற்கும் இல்லையோ எனின், இல்லை. பிரமகபாலம் கையில் ஒட்டப் பலியேற்றுத் திரிந்த ஈசற்கு, மேல்மலையனூரில் அம்மையால் அது நீங்கிற்று என்பது தலவரலாறு. மாசியில் சிவராத்திரிக்கு மறுநாள் மயானக்கொள்ளை அவ்வரலாற்றை ஒட்டியே நிகழும். கபாலம் நீங்கியும் பிச்சாண்டி என்னும் பெயர் நீங்கிற்றிலது!

மூடி இல்லை என்றதல்லது, தீ அணையாது என்றிலது. அதனால், விறகை இழுத்துவிடுதல் கேட்பார் கையது என்பது குறிப்பெச்சம். கேளாதார் முன் வம்பு கொதியாது.

'உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடலாகாது' எனப் பாடம் ஓதுவாரும் உளர். உலை மூடுதல் எளிது என்பது சொல்லாமலே பெறப்படுதலின் அது மிகை. மேலும், மூடி தேடி அலைந்தான் ஒருவனது இளைப்பு 'இல்லை' என முடியும் பாடத்திலேயே தோன்றும். ஆதலின் கற்பார் முற்பாடமே கொள்க.