தாயம்: கொடுப்பதா, பகுப்பதா?

தாயம் என்னும் சொல் 'தாய்' என்பதிலிருந்து பிறந்தது என்று கொண்டு, பண்டைத் தமிழகத்தில் சொத்தெல்லாம் தாய்வழியே இறங்கியதற்கு அச்சொல்லையே சான்றாகக் காட்டும் வழக்கம் மேடைகளில் மட்டுமன்றி நூல்களிலும் வேரூன்றிவிட்டது. ஒலி ஒப்புமையன்றி இதற்கு வேறு வலுவில்லை. தந்தையின் சொத்து மக்களுக்குச் சேரும் முறையை மருமக்கத்தாயத்தினின்று பிரித்து மக்கத்தாயம் என்றே வழங்கினர். தாயே இச்சொல்லுக்கு மூலமாயின் அப்பெயர் பொருளிழந்துவிடும். பொருநராற்றுப்படை, கருவிலிருந்தபோதே கரிகாலன் தாயம் பெற்றதாகக் கூறுமிடத்திலும் குறிக்கப்படுவது தந்தைவழிச் சோழர் அரசுரிமையே.

வடமொழித் 'தாய'த்தைக் கொடுத்தல் பொருளுடைய அடியிலிருந்து வருவிப்போர் கூற்றும் நிறைவானதன்று. வங்கத்துச் சீமூதவாகனர் தம் தாயபாகத்தில் அவ்வாறே விளக்கினாலும், இறந்தவர் எதனையும் கொடுப்பதில்லையாதலால் அது குறிப்பு வழக்கே என்று தாமே ஒப்புகிறார். விஞ்ஞானேசுவரரின் மிதாட்சரமோ, உடையவருக்கும் பெறுபவருக்கும் உள்ள உறவு ஒன்றையே காரணமாகக் கொண்டு மற்றவருக்கு உரியதாகும் பொருளே தாயம் என வரையறுத்து, கொடை என்னும் கருத்தையே விலக்கிவிடுகிறது. இவ்வேறுபாடு ஏட்டோடு நிற்கவில்லை. வங்கத்துத் தந்தை முன்னோர் சொத்து முழுவதையும் உயிலால் பிறருக்கு எழுத முடிந்தது. மிதாட்சரம் செல்லும் தமிழகத்தில், பிறப்பினாலேயே மகன் பங்காளியாகிவிடுவதால், அது முடியவில்லை.

உயில் என்பது ஆங்கிலேயர் ஆட்சியோடு வந்த சொல். அதனை 'உயிர் இல்' எனப் பிரிப்பது மறுக்கவும் தகாதது. 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டமும், உயிரோடிருக்கையில் ஒருவர் கைமாற்ற இயலாத சொத்தை உயிலால் கொடுக்க இடந்தரவில்லை. பாட்டனிடமிருந்து 1956க்கு முன்பே இறங்கிய ஆறு ஏக்கர் நஞ்செய்யைத் தந்தையும் இரு மகன்களும் பிரிக்காமல் வைத்திருந்தால், அக்காலத்தில் தந்தையின் உயில் அதில் ஒரு குழியையும் தொடாது. அவர் பங்கு எஞ்சியோருக்கே சேரும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு வந்தபின் தம் பங்கான இரண்டு ஏக்கரை மட்டும் அவர் எழுதலாம். மகளுக்கும் பிறப்புரிமை தந்த 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மகள் ஒருத்தி இருப்பின், அது ஒன்றரை ஏக்கராகக் குறையும். தாமே ஈட்டிய சொத்துக்கு இத்தடை இல்லை.

பங்காளியைக் குறிக்கும் தாயாதி என்னும் சொல்லும், தாயத்தைக் கொள்பவன் எனப் பொருள்படும் 'தாயாத' என்பதன் திரிபே. கொடுப்பவர் யாரும் அதில் இல்லை. தாயக்கட்டை ஆட்டத்தில் காய் களமிறங்க வேண்டிய ஒன்றைத் தாயம் என்பதும் நுழைவுரிமை பற்றியே எனக் கொள்ளல் தகும். வடமொழியில் கொடுத்தல் பொருளுடைய அடியோடு ஒலியொத்து, அறுத்தல், பகுத்தல் எனப் பொருள்படும் வேறோர் அடியும் உண்டு. தாயம் அதன் வழிவந்த சொல்லே.