பொறுமையா, புத்தியா?

கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் தொடங்கப்பட்டது. அங்கே உருவான ரகங்களின் பெயர் ‘கோ’ என்றே தொடங்கும். அப்படி ஊரின் பெயர் வட இந்திய வயல்கள்வரை போனது. ஆனால் 1934 முதல் 1939வரை அங்கே நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்த இ.கே. ஜானகி அம்மாளின் பெயர் கொங்கு நாட்டிலேயே பலருக்குத் தெரியாது.

தலச்சேரியில் பிறந்து, 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர் அவர். கரும்பை மற்றப் புல்லினங்களோடு, மக்காச்சோளத்தோடும்கூடக் கலந்து பார்த்தார். பிறந்த நாற்று உண்மையான கலப்புதானா என்பதற்குச் செல்லுக்குள்தான் சாட்சி இருந்தது. வேர்நுனியை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, குரோமோசோம்களை எண்ண வேண்டும். ஆலைக்கரும்பின் மூல இனத்தில் 80. காட்டு நாணலில் 40 முதல் 128வரை. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடப்பவற்றைப் பிரித்தறியக் கண்ணைத் தவிர வேறு கருவி கிடையாது. திருமணம் செய்துகொள்ளாத, தீயர் சாதியில் பிறந்த பெண்ணாக, ஆண் சகாக்களிடையே அவர் பட்ட பாட்டை வரலாற்றாசிரியர் வினிதா தாமோதரன் எழுதியிருக்கிறார். 1939இல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போனவர், போர் மூண்டதும் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார்.

செல்லைப் பார்த்துத் தரம்பிரிக்கும் வேலை பிறகு இயந்திரத்துக்குப் போனது. 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டில் லெனார்ட் ஹெர்சன்பெர்க் குழு, ஒளிரும் சாயத்தைக் கொண்டு உயிருள்ள செல்களைப் பிரிக்கும் கருவியை உருவாக்கியது. அவருடைய மனைவி லியோனோர் அதே ஆய்வகத்தின் விஞ்ஞானி. கால்டெக் பெண்களைச் சேர்க்காத காலத்தில் அங்கே வகுப்புகளில் உட்கார்ந்து கேட்டுப் படித்தவர். 2006இல் கியோட்டோ பரிசு கணவருக்கு மட்டும் வந்தது.

2018இல் டோக்கியோவில் கெய்சுகே கோடா குழு அடுத்த படிக்குப் போனது. ஓடும் திரவத்தில் ஒவ்வொரு செல்லையும் படமெடுத்து, வடிவத்தைக் கணினியே பார்த்து, கண்ணிமைக்கும் நேரத்தில் எந்தப் பக்கம் அனுப்புவதென்று முடிவுசெய்கிறது அந்தக் கருவி. அதன் பெயரிலேயே ‘அறிவார்ந்த’ என்ற அடைமொழி இருக்கிறது.

ஜானகி அம்மாள் எண்ணியது கண்ணாடித் தகட்டில் ஒட்டிய இறந்த செல்கள். இந்த வேகமும் அளவும் வேறு. ஆனால் படத்தைப் பார்த்து வேறுபாட்டைக் கண்டு முடிவெடுக்கும் செயல் ஒன்றுதான். ஆய்வகத்தில் பெண்கள் அதைச் செய்தபோது ‘பொறுமை’ என்று பாராட்டினார்கள். இயந்திரம் செய்யும்போது ‘அறிவு’ என்கிறார்கள். கோவையின் அறிவியல் வரலாற்றை எழுதும்போது, அந்தச் சொல்லை முதலில் ஜானகி அம்மாளுக்குக் கொடுத்துவிட்டுத் தொடங்குவோம்.